ஆணி இல்லை, பசை இல்லை... தலைமுறை தாண்டும் மரப் பீப்பாய்! போர்ச்சுகலின் காயா நகரில் ஒரு நடை

மேசை, ஜன்னல், சாவி, அலமாரி... வீட்டில் தினமும் பத்து முறையாவது சொல்கிற இந்த வார்த்தைகள் எல்லாம் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. அதே கப்பலில் வந்த இன்னொரு வார்த்தை, பீப்பாய். அங்கே அதன் பெயர் 'பீப்பா'.

தார் பீப்பாய், தண்ணீர் பீப்பாய் என்று தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும்தான் நாம் இதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அசல் பீப்பாய் மரத்தால் ஆனது. அதை இன்றும் ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்திருக்கும் ஊர் ஒன்று போர்ச்சுகலில் இருக்கிறது. பெயர், விலா நோவா டி காயா. சுருக்கமாக, காயா!

பாலம் கடந்தால் காயா

போர்ச்சுகலின் இரண்டாவது பெரிய நகரம் போர்ட்டோ. அதன் ஓரமாக டோரு ஆறு ஓடுகிறது. ஆற்றின் குறுக்கே, 1886-ல் திறக்கப்பட்ட முதலாம் லூயிஸ் இரும்புப் பாலம் இரண்டு அடுக்காக நிற்கிறது. மேல் அடுக்கில் மெட்ரோ ரயில் போகும். அதன் பக்கத்திலேயே மக்கள் நடந்தும் போகலாம். அங்கிருந்து தெற்கே பார்த்தால், கரையிலிருந்து மேடு வரை சிவப்பு ஓட்டுக் கூரைகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாம் ஒயின் கிடங்குகள். உலகமெங்கும் 'போர்ட்' என்று அழைக்கப்படும் இனிப்பு ஒயின் இந்தக் கூரைகளின் கீழேதான் பல தலைமுறைகளாக முதிர்ந்துவருகிறது.

ஆனால், காயாவில் பெரிய திராட்சைத் தோட்டங்கள் கிடையாது. அவை ஆற்றின் மேல்பகுதியில், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் இருக்கின்றன. 1756-லேயே எல்லை வகுக்கப்பட்ட ஒயின் பிரதேசம் அது. கோடையில் அங்கே வெயில் வறுத்தெடுக்கும். காயாவோ அட்லான்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். குளிர்ச்சியும் ஈரப்பதமும் அதிகம். ஒயின் நிதானமாக முதிர இந்தக் காற்றுதான் தோது. அதனால், பழம் மலையில், பீப்பாய் காயாவில் என்று ஏற்பாடு. இந்த ஒயினை காயாவிலிருந்துதான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற விதிகூட 1986 வரை இருந்தது.

தொப்பை எதற்கு?

அந்தக் காலத்தில் மலையிலிருந்து ஒயின் வந்தது ஆற்று வழியாக. 'ரபேலோ' என்கிற தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகளில் பீப்பாய்களை ஏற்றி, பாறைகளுக்கும் நீர்ச்சுழல்களுக்கும் நடுவே ஓட்டிவந்தார்கள். பிறகு சாலையும் ரயிலும் வந்தன. ஆற்றில் அணைகள் கட்டப்பட்டதும் படகுப் பயணம் முடிவுக்கு வந்தது. இன்று காயா கரையில் பீப்பாய்களோடு நிற்கும் ரபேலோக்கள் பார்வைக்கு மட்டும்தான். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 24, புனித யோவான் திருநாளில் அவை பாய் விரித்துப் போட்டிக்குக் கிளம்பும்.

படகில் ஏற்ற, இறக்க, கிடங்குக்குள் கொண்டுபோக எல்லாவற்றுக்கும் உதவியது பீப்பாயின் தொப்பைதான். ஒரு பீப்பாயின் கொள்ளளவு சுமார் 550 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கும் 500 லிட்டர் தண்ணீர் டேங்க்கைவிடச் சற்றுப் பெரியது. நிரப்பினால் அரை டன்னுக்கும் மேல் எடை. ஆனால், படுக்கவைத்தால் தரையில் படுவது அந்தத் தொப்பை மட்டுமே. அதனால், பழகிய ஆள் ஒருவரே உருட்டிக்கொண்டு போகலாம்.

நெருப்பும் தண்ணீரும் சேர்ந்து வளைக்கும் மரம்

பீப்பாய் செய்யும் தச்சருக்கு அங்கே 'தனோயேரு' என்று பெயர். வேலை மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. பெரும்பாலும் ஓக். பலகைகளை வெட்டவெளியில் அடுக்கி, வெயிலிலும் மழையிலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் ஒழுகும்.

காய்ந்த பலகையை இழைப்புளியால் இழைத்து நடுவில் அகலமாகவும் இரு முனைகளில் குறுகலாகவும் ஆக்குகிறார்கள். பக்கவாட்டு ஓரங்களைச் சற்றுச் சாய்வாகச் சீவுகிறார்கள். இந்தச் சாய்வில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிறகு பலகைகளை ஓர் இரும்பு வளையத்துக்குள் வட்டமாக நிறுத்தினால், ஒரு முனை குவிந்தும் மறுமுனை பூ மாதிரி விரிந்தும் நிற்கும். அதன் நடுவில் நெருப்பு மூட்டுவார்கள். மரம் சூடேறச் சூடேற, ஈரப்படுத்தி மெல்ல இறுக்கினால் பலகைகள் வளைந்துகொடுக்கும். மறுமுனையும் குவிந்ததும் அடுத்த வளையம் விழும்.

உள்பக்கம் விளிம்பையொட்டி வட்டமாகக் காடி வெட்டி, அதில் மூடிப் பலகையைப் பொருத்துகிறார்கள். இடுக்குகளில் கோரை போன்ற காய்ந்த நாணல் இழையைச் செருகுவதும் உண்டு. பலகையோடு பலகையைச் சேர்க்க ஆணியோ பசையோ கிடையாது. உள்ளே திரவம் போனதும் மரம் ஊறி உப்பும். வெளியே இரும்பு வளையம் விடாது. அந்த இறுக்கம்தான் ஒழுகாமல் காக்கிறது. நிரப்பும் முன் தண்ணீர் ஊற்றிச் சோதனை செய்வார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி வேலை!

புதுசு வேண்டாம், பழசு போதும்

மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஆண்டுக்கு 2 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டாலும், 20 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். மிச்சம் இருப்பதில் சிவப்பு நிறம் வெளிறி, வெல்லப்பாகு நிறம் வரும். இந்த வகைக்கு 'டாவ்னி' என்று பெயர். 10, 20, 30, 40 ஆண்டுகள் என வயதைக் குறிப்பிட்டு விற்கிறார்கள்.

புது மரத்தின் வாசனை ஒயினில் ஏறிவிடக் கூடாது என்பதால், இங்கே பழைய பீப்பாய்களுக்குத்தான் மரியாதை. பல தலைமுறைகள் பார்த்த பீப்பாய்களும் உண்டு. எனவே, தனோயேருவின் முக்கிய வேலை புதிதாகச் செய்வதைவிட, பழுதுபார்ப்பதுதான். இற்றுப்போன பலகையை மட்டும் உருவிவிட்டு, முடிந்தவரை இன்னொரு பழைய பலகையையே அளவெடுத்துப் பொருத்துவார்.

சிக்கலும் இங்கேதான். முன்பு ஒயின் பீப்பாயோடு கப்பலேறி, இங்கிலாந்தில் பாட்டிலில் அடைக்கப்பட்டது. அதற்காகப் பீப்பாய்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தன. தனோயேருக்களுக்கும் வேலை இருந்தது. இப்போது போர்ச்சுகலிலேயே பாட்டிலில் அடைத்து அனுப்புகிறார்கள். சொந்தப் பீப்பாய்ப் பட்டறை வைத்திருக்கும் நிறுவனங்கள் வெகு சிலவே. போர்ட் ஒயின் ஊறிய பீப்பாய்களை ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்கள் தேடி வாங்குவது, இந்தத் தொழிலுக்குக் கிடைத்திருக்கும் புதிய மூச்சு.

அலமாரியில் படுத்துறங்கும் பாட்டில்

எல்லா போர்ட்டும் பீப்பாயிலேயே முதிர்வதில்லை. 'விண்டேஜ்' வகை இரண்டு, மூன்று ஆண்டுகளில் பாட்டிலுக்கு மாறி, அதில் பல ஆண்டுகள் உறங்கும். கிடங்கின் இருட்டில் இந்தப் பாட்டில்களை அடுக்குகளில் படுக்கவைக்கிறார்கள். நிற்கவைத்தால் கார்க் காய்ந்து சுருங்கி, காற்று உள்ளே புகுந்துவிடும். சில பழைய பாட்டில்களில் வெள்ளை பெயின்ட் தீற்றல் இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இடம் மாற்றினாலும் அதே வாக்கில் வைத்தால்தான் அடியில் படிந்த மண்டி கலங்காது. இருட்டு, குளிர்ச்சி, அசையாத இடம், படுத்த பாட்டில். ஒயினுக்கு மர அலமாரி செய்ய நினைக்கும் எந்தத் தச்சருக்கும் இந்த நான்கும்தான் அளவுகோல்.

போக விரும்புவோருக்கு...

ஷெங்கன் விசா தேவை. லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். பாலத்தை நடந்தே கடக்கலாம். மேட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்க கேபிள் கார் உண்டு. பல கிடங்குகளில் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். ஒயின் பழக்கம் இல்லாதவர்களுக்கும் மரவேலை பார்ப்பதற்காகவே ஒருமுறை போகத் தகுந்த இடம்.

இன்று ஒரு பீப்பாயில் ஊற்றப்படும் ஒயின், 40 ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படலாம். ஊற்றியவர் அப்போது ஓய்வுபெற்றிருப்பார். அதுவரை அந்தப் பீப்பாய் ஒழுகாமல் இருக்க வேண்டும். ஒழுகினால் தட்டிச் சரிசெய்ய ஒருவர் இருக்க வேண்டும். மரம் தாங்கிவிடும். அந்த ஒருவரை இப்போதே பழக்கி வைப்பதுதான் காயாவின் முன்னால் இருக்கும் வேலை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)