நம்ம ஊரு எந்தத் திணை?

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் 2022 முதல், முதல் பருவத்திலேயே ‘தமிழர் மரபு’ என்றொரு தாள் இருக்கிறது. அதில் ஒரு அலகின் தலைப்பு திணைக் கோட்பாடு. ராஜபாளையத்தில் இருக்கும் என் சித்தி மகள் போன வருஷம் அதைப் படித்தாள். அவள் நோட்டில் திணை என்பது ஒரு அட்டவணை: நிலம், தெய்வம், பூ, பறவை, தொழில். நான் பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த அதே கட்டங்கள். படித்துக்கொண்டே கேட்டாள்: “அண்ணே, இதுல நம்ம ஊரு எந்தத் திணை?”

அந்தத் தாள் முழுக்க இந்த ஒரு கேள்வியிலிருந்தே நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனால் இடது பக்கம் மலை கூடவே வரும். அது குறிஞ்சி. 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமான காடு அது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அடிவாரத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. சமவெளிக்கு வந்தால் கண்மாய்ப் பாசனம், நெல்வயல். சரி, மருதம். ஆனால் சித்திரையில் அதே கண்மாய் வெடித்துக் கிடக்கும், சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அப்போது எந்தக் கட்டத்தில் போடுவது? முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் நிலை திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது, பாலை ஒரு இடம் மட்டுமல்ல, ஒரு இடத்துக்கு நேர்வது. பருவநிலை மாற்றத்தைப் பேச இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்?

நாங்கள் படித்தபோது உச்ச நீதிமன்ற உத்தரவால் கட்டாயமான சுற்றுச்சூழல் தாள் இருந்தது. முழுக்க ஆங்கிலம். தமிழ் பிளஸ் டூவோடு முடிந்திருந்தது. சுற்றுச்சூழலைப் படித்த இடத்தில் தமிழ் இல்லை, தமிழ் படித்த இடத்தில் ஊர் இல்லை.

என்னிடம் ஒரு வகுப்பைக் கொடுத்தால் ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருவேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தண்ணீர் சம்பந்தமான ஐந்து சொற்கள் கொண்டு வாருங்கள். கண்மாய், மடை, ஊருணி, ஓடை என்று வரும். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை ‘செருவு’ என்று எழுதி வரும். அதையும் போர்டில் எழுத வேண்டும். யாராவது ஒருத்தர் ‘கலுங்கு’ கொண்டு வந்தால், வகுப்பையே கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய்விடலாம். கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீரை உடைப்பு இல்லாமல் வெளியேற்றி, அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் இடம் அது. பொறியியல் மாணவருக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

நாளைக்கு இவர்களில் ஒருத்தர்தான் சாலை போடுவார், லே-அவுட்டுக்கு வரைபடம் தயாரிப்பார். கலுங்கு என்ற சொல் தெரியாதவருக்கு அது குறுக்கே கிடக்கும் பழைய கல்கட்டு. இடிக்கச் சொல்லிக் குறித்துவிட்டுப் போய்விடுவார். சொல் தெரிந்தவர் ஒரு நிமிஷமாவது நிற்பார், தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று கேட்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மொழிப்பாடம் வேண்டும் என்கிறேன். பரீட்சைக்கு அட்டவணை இருக்கட்டும், பரவாயில்லை.