பாக்கி என்ற கட்டம்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் லாட்ஜ் கல்லாவில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெயர், அறை எண், வந்த தேதி, போன தேதி, வாடகை, அட்வான்ஸ், நாள் கணக்கு, மொத்தம், பாக்கி என்று நோட்டில் வரிசையாகக் கட்டங்கள். கடைசி மூன்றையும் வந்தவரிடம் கேட்டு எழுதுவதில்லை. முந்தைய கட்டங்களிலிருந்து போட்டு எடுப்பவை அவை. செயலி உருவாக்குகிறவர்கள் அப்படிப்பட்ட கட்டத்தை ஃபார்முலா ஃபீல்டு என்பார்கள்.

தென்காசிப் பக்கத்தில் இது புதுச் சங்கதியல்ல. மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. செயலிகளை உருவாக்க உதவும் அந்த நிறுவனத்தின் கிரியேட்டர் 2006-இல் வந்தது. அதில் வேண்டிய ஃபீல்டுகளை இழுத்துப் போட்டுப் படிவம் செய்துகொள்ளலாம். நாளையும் வாடகையையும் பெருக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் மொத்தம் தானே விழும். அதற்கு மேல் சிக்கலென்றால் டெலூஜ் என்ற அதன் சொந்த மொழி கைகொடுக்கும்.

பெருக்குவது எளிது. எதைப் பெருக்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழக்கமான அண்ணாச்சி ஒருவரின் லாட்ஜுக்காக இப்படி ஒரு படிவம் செய்ய உட்கார்ந்தோம். போன தேதியில் வந்த தேதியைக் கழித்தால் நாள் கணக்கு என்றேன். அவர் உடனே மடக்கினார்: “காலைல வந்து ஐந்தருவில குளிச்சிட்டு சாயங்காலம் கிளம்புதவனுக்கு?” கழித்தால் பூஜ்ஜியம். “அப்போ நான் என்னத்துக்கு லாட்ஜ் நடத்துதேன்?” பூஜ்ஜியம் வந்தால் ஒன்றாகக் கொள் என்று ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஆள் இன்னும் அறையைக் காலி செய்யவில்லையென்றால் போன தேதி காலியாக இருக்குமே? அப்போது இன்றைய தேதியை எடுத்துக்கொள் என்று இன்னொன்று. இத்தனை வருஷம் கல்லாவில் வாய்மொழியாக ஓடிய வழக்கமெல்லாம் அன்றுதான் எழுத்தில் வந்தது.

அடுத்தது வாடகை. அறைக்கென்று ஒரு வாடகை இருக்கும்போது அதை ஒவ்வொரு பதிவிலும் மறுபடி எழுதி வைக்க வேண்டுமா? ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெற முடியுமானால் இரண்டையும் சேமித்து வைப்பது சிக்கல் என்பதை கணினி அறிஞர் எட்கர் காட் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பேசியிருக்கிறார். இரண்டும் ஒருநாள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஆனால் ஜூனில் சீசன் வாடகையை ஏற்றியதும் மே மாத பில்லின் மொத்தமும் சேர்ந்து ஏறினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் அறை கொடுக்கும்போதே அன்றைய வாடகை அந்தப் பதிவில் நகலாகி நின்றுவிட வேண்டும். பாக்கி மட்டும் பணம் வர வர மாறட்டும். மாறுவது எது, மாறக்கூடாதது எது என்று பிரித்துவிட்டால் ஃபார்முலா எழுதுவது சில நிமிட வேலை.

“பழகுன ஆளுகளுக்குக் கொஞ்சம் குறைச்சுக் கொடுக்கணும்லா?” என்றார் அண்ணாச்சி. ஃபார்முலா ஃபீல்டில் யாரும் கைவைத்துத் திருத்த முடியாது. மொத்தத்துக்கும் பாக்கிக்கும் நடுவே தள்ளுபடி என்று ஒரு கட்டம் போட்டோம். பக்கத்திலேயே, குறைத்தவர் பெயருக்கு ஒன்று. அதைப் பார்த்ததும், “என் பேரையும் எழுதணுமாடே?” என்றார்.