பழைய அட்டை என்று எழுதிய சீட்டு

'கோழிப்பண்ணை மருந்துப் பெட்டிகளின் பழைய அட்டையில் செய்தது' என்று ஒரு சீட்டில் எழுதி, என் சொம்புச் சிற்பத்தின் காலடியில் வைத்தேன். அது பொய்.

எருமப்பட்டியில் ஒரு பண்ணைக்குக் கணக்கு எழுதுகிறேன். தடுப்பூசியும் மருந்தும் வந்த பெட்டிகள் கிடங்கு மூலையில் குவிந்து கிடக்கும். அவற்றைப் பார்த்துத்தான் இந்தக் கிறுக்கே பிடித்தது. அப்பத்தாவின் பித்தளைச் சொம்பைச் சுற்றிச் சுற்றி அறுபது படம் செல்போனில் எடுத்தேன். பளபளப்பு இருந்தால் கணினி குழம்பிவிடும். அதனால் சொம்பு முழுக்க விபூதியைப் பூசினேன். அம்மா திட்டினாள். படங்களைச் சேர்த்துக் கணினி ஒரு சொம்பைக் கட்டிக்கொடுத்தது. அதன் கழுத்தைச் சாய்த்தேன், வயிற்றை ஒரு பக்கம் இழுத்தேன், மூன்று மடங்கு பெரிதாக்கினேன். பிறகு தோசை தோசையாக அறுத்து அடுக்க வேண்டியதுதான். 1892லேயே பிளாந்தர் என்பவர் அமெரிக்காவில் மேடுபள்ளம் காட்டும் நிலவரைபடத்தை இப்படி அடுக்கடுக்காக வெட்டிச் செய்யக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சிக்கல் அட்டையில்தான். மென்பொருள் முதலில் கேட்பதே அட்டையின் தடிமன். மூன்று மில்லிமீட்டர் என்று கொடுத்தேன். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 150 அடுக்கு வந்தது. பழைய அட்டையோ ஒன்று மூன்றரை, இன்னொன்று இரண்டரை. ஒவ்வொன்றிலும் அரை மில்லி கூடினால் சொம்பு ஏழரை சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆள் மிதித்து நசுங்கிய அட்டை ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தது. இருபதாவது அடுக்கிலேயே நான் சாய்க்காத திசையில் சொம்பு சாய்ந்தது.

பிரித்து மறுபடி அடுக்கியிருக்கலாம். ஒரு வாரம் பிடித்திருக்கும். எனக்குச் சோம்பல். நாமக்கல்லுக்குப் போய்ப் புது மூன்று ப்ளை அட்டை வாங்கி, லேசரில் வெட்டக் கொடுத்தேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. மொழுமொழுவென்று, கடையில் வாங்கிய பொருள்போல இருந்தது.

அடுத்துச் செய்ததுதான் மோசம். பழைய பெட்டிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அச்சடித்த மேல்தாளை மட்டும் உரித்து, கண்ணுக்குத் தெரியும் படிகளில் எல்லாம் ஒட்டினேன். மேல்நோக்கிய அம்புக்குறி, குடைப் படம், பாதி அழிந்த மருந்துப் பெயர். சோம்பலை மன்னிக்கலாம். இதற்கு இரண்டு ராத்திரி கண்விழித்தேனே, அது சோம்பலா?

சீட்டோடு வைத்திருந்த சொம்பை, பண்ணையில் முட்டை பொறுக்கும் அக்கா ஒருத்தர் குனிந்து மோந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, நம்ம அட்டைன்னா மருந்து வாசம் அடிக்குமே, இதுல ஒண்ணையும் காணோமே?"

"கழுவிட்டேனுங்க அக்கா."

"அட்டையை யாராச்சும் கழுவுவாங்களா?" என்றார். சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சீட்டை அப்போதாவது கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. அதைப் படித்து நெகிழ்ந்த ஒருவர், நான் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்துச் சொம்பை எடுத்துப் போனார்.

அவர் இதைப் படித்தால் சொல்லியனுப்பட்டும், பணத்தைத் திருப்பித் தருகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் ஏதாவது ஒரு படியில் தாளை நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். அடியில் புது அட்டை இருக்கும்.