குளிரும் குழந்தையும்

சமவெளியிலிருந்து மலைக்கு வருகிறவர்களுக்குக் குளிரைவிடக் குளிரைப் பற்றிய பயமே அதிகம். உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,350 அடி. குன்னூர் 6,000 அடி. மார்கழி, தை மாதங்களில் உதகையின் பள்ளங்களில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். செடிக்கே இந்தக் கதி என்றால் பச்சைக் குழந்தை என்ன பாடுபடும் என்று பெரியவர்கள் கவலைப்படுவதில் தவறில்லை. ஆனால், அந்தக் கவலை எடுக்கும் உருவம் இருக்கிறதே, அதுதான் விபரீதம்.

சென்ற டிசம்பரில் குன்னூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு நான்கு மாதம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த பாட்டியம்மாள் அவனுக்கு ஃபிளானல் சட்டை, இரண்டு ஸ்வெட்டர், காலுறை, கையுறை, காது மூடும் குல்லாய் எல்லாம் மாட்டி, இரட்டைக் கம்பளியில் சுருட்டித் தூங்கப் பண்ணியிருந்தார். மூக்கு நுனி ஒன்றுதான் வெளியுலகத்தோடு உறவு வைத்திருந்தது. பக்கத்தில் குமுட்டி நிறையக் கரி நெருப்பு. ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன.

தடுப்பூசித் தேதி சொல்ல வந்த நர்சம்மா, முதலில் ஜன்னலைத் திறந்தார். குமுட்டியை வெளியே எடுத்துப் போகச் சொன்னார். பிறகுதான் குழந்தையிடம் வந்தார்.

"கை சில்லுன்னு இருக்குன்னுதானே பாட்டி இவ்வளவும் போட்டீங்க? குழந்தைக்குக் கைகால் சில்லுன்னுதான் இருக்கும். பிடரியிலே விரலை வெச்சுப் பாருங்க."

பாட்டி வைத்துப் பார்த்தார். விரல் ஈரமாயிற்று. மலைக் குளிரில் குழந்தைக்கு வியர்த்திருந்தது!

நமக்குப் புழுங்கினால் போர்வையை உதைத்துத் தள்ளுகிறோம். நான்கு மாதக் குழந்தை என்ன செய்யும்? உடற்சூட்டில் கணிசமான பகுதியை அது தலை வழியாக வெளியேற்றுகிறது. குல்லாய் அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. தளர்ந்த கம்பளி முகத்தில் சரிந்தால் விலக்கத் தெரியாது. தூக்கத்திலேயே காரணம் புரியாமல் நேரும் சிசு மரணங்களுக்கு, குப்புறப் படுக்க வைப்பதும் அதிகச் சூடும் துணைபோகின்றன என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரிட்டனில் 1991-ல் பிரசாரம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மூடிய அறையில் கரி நெருப்போ இன்னும் பொல்லாதது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களையே தூக்கத்தில் கொன்றுவிடும்.

நர்சம்மா சொன்ன முறை எளியது. நாம் உடுத்துவதைவிட ஓர் அடுக்கு கூட. குல்லாய் வெளியே போகும்போது மட்டும். கம்பளி மார்புக்கு மேல் ஏறாமல், ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். பிறந்து சில நாளே ஆன சிசுவும், குறைமாதப் பிள்ளையும் வேறு. அவற்றுக்குக் குல்லாயும் தாயின் மார்புச் சூடும் அவசியம்.

"நாங்க பிள்ளை வளர்க்கலையா, நர்சம்மா?" என்றார் பாட்டி, சற்று மனத்தாங்கலுடன்.

"நல்லா வளர்த்தீங்க, பாட்டி. தஞ்சாவூர் வெயில்லே ராத்திரியெல்லாம் முழிச்சு விசிறினீங்களே! புழுங்குதுன்னு அப்போ குழந்தையா வந்து சொல்லிச்சு? தொட்டுத்தானே தெரிஞ்சுக்கிட்டீங்க. இங்கேயும் அதையே செய்யுங்க."

பாட்டி பதில் பேசவில்லை. குல்லாயின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.