மண்டபத்துக் கரையில் ஒரு சிந்தனை

இராமேசுவர யாத்திரை செல்வோர் மண்டபத்தில் இறங்குவது அரிது. பாம்பன் பாலத்தைக் காணும் ஆவலில் ஜன்னலோரம் நெருக்கியடித்து நிற்கும்போதே அச்சிற்றூர் பின்னே போய்விடுகிறது. ஆயினும், சிற்பத்தில் நாட்டமுள்ள அன்பர்கள் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைக் காணுமுன் இக்கரையில் ஒரு நாழிகை நின்று செல்வது நன்று.

வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. நடுவே கிடக்கும் இந்நிலம் பல பிரிவுகளைக் கண்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழை ஜனங்களை மண்டபம் முகாமில் தங்கவைத்தே கடல் கடத்தினார்கள். 1964-ஆம் வருஷத்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பின் அவர்களுடைய சந்ததியாரில் பலர் இவ்வழியே திரும்பினார்கள். 1983 முதல் யுத்தத்துக்கு அஞ்சி வந்தவர்களுக்கும், 2022-இல் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்களுக்கும் இம்முகாமே புகலிடமாயிற்று.

படகேறி வருகிறவர் எதைக் கொண்டுவர இயலும்? உடுத்த துணி, சில காகிதங்கள், மடியில் முடிந்த வீட்டுச் சாவி. வீடு நிற்கிறதோ, இடிந்ததோ. சாவி மட்டும் கையில் இருக்கிறது. கடையில் தொங்கும் சாவி வெறும் இரும்பு. இந்தச் சாவியோ ஒரு குடும்பத்தின் துயரம். ஆனால் அத்துயரம் அயலார் கண்ணுக்கும் புலப்பட வேண்டுமானால், அதை எடுத்து நிறுத்த ஒரு கலைஞன் வேண்டும்.

அக்கரையில், யாழ்ப்பாணத்தில், அவ்வாறு செய்தவர் ஓவியர் தா. சனாதனன். 1981-இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட பொது நூலகத்தில், 2004-இல், வீடு வீடாகச் சேகரித்த சாதாரணப் பொருள்களையே அவர் கலைப் படைப்பாக வைத்தார். நூல்கள் எரிந்த இடத்தில் வீட்டுப் பொருள்கள் சரித்திரம் பேசின! கொலம்பியா தேசத்துச் சிற்பி டோரிஸ் சால்செடோ, 2003-இல் இஸ்தான்புல் நகரத்தில் இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைச் சுமார் 1,550 மர நாற்காலிகளால் நிரப்பினார். ஆளில்லாத ஒரு நாற்காலி நம்மை வருத்தாது. ஆயிரத்தைக் கடந்தால், அமர்ந்திருக்க வேண்டியவர்கள் எங்கே என்று நெஞ்சம் பதறுகிறது அல்லவா?

இது நமக்குப் புதிய தத்துவமன்று. இகழப்படுதல், இழத்தல், பழைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை ஆகிய நான்கிலும் அழுகை பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். மண்டபத்தில் வந்திறங்கிய சிறு மூட்டைகளில் இந்நான்கும் சேர்ந்தே இருந்தன.

கல்லில் வடித்த வீரனை நாம் வணங்குகிறோம். ஓர் எளிய குடும்பம் கடல் கடந்து காப்பாற்றி வந்த சாவிக்கும், நசுங்கிய செம்புக்கும் இக்கரையில் ஒரு சிறு கூடம் அமைந்தால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்! நம் பிள்ளைகளைச் சேதுவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், தூண்களைக் காட்டுமுன் அவற்றைக் காட்டட்டும்.