தீர்த்தனும் ஆடி மாசமும்

"மணாலி வேண்டாம்டா, ஒரே கூட்டம்" என்று மோகனூர் காவிரிக்கரையில் உட்கார்ந்து நாலு நண்பர்கள் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குத் திட்டம் போட்டார்கள். சேலம் போய் டெல்லிக்கு ரயில். அங்கிருந்து மணாலி பஸ். ஔட்டில் இறங்க வேண்டும், தூங்கிவிட்டால் குல்லுதான்! பிறகு பஞ்சார் வழியாகக் குஷைனி. அதற்கு மேலே, 2014ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தேசியப் பூங்கா.

எல்லாம் சரி, மாதம்தான் தப்பு. ஆடியில் காவிரியை நிரப்பும் அதே தென்மேற்குப் பருவமழைதான் அங்கே மலையைச் சரிக்கிறது. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு ரோட்டையே அடித்துக்கொண்டு போனது.

லீவு கிடைக்கிறதே என்று ஒருவன் மட்டும் பிடிவாதம் பிடித்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா தடுக்கவில்லை. "ஆடிப்பெருக்குக்கு ஊட்ல இருப்பீல்ல சாமி?" என்று மட்டும் கேட்டார்.

பயணம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. தீர்த்தன் எங்கே போய்விடப் போகிறது?