ஓ.1 கட்டம் காலி

கேரவன் இழுக்க வாங்கும் காரை எஞ்சின் பலத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. லண்டனில் நான் ஆலோசனை சொல்லும் ஓர் இலவசச் சட்ட மையத்துக்கு வந்த வழக்கு எனக்கு இதை அழுத்தமாக உணர்த்தியது.

வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஆங்கிலேயர். அவரிடம் 1960களில் செய்த ஸ்பிரைட் கேரவன் ஒன்று இருந்தது. சாம் ஆல்ப்பர் என்பவர், சாதாரணக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் நியூமார்க்கெட்டில் தயாரித்து விற்ற வகை அது. மோட்டார் கிடையாது. காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். அப்பா வாங்கியதாம். கோடைதோறும் மனைவியோடு அதில்தான் கடற்கரைக்குப் போவார். பழைய கார் ஓய்ந்துபோனதும் நவம்பரில் ஒரு விற்பனையாளரிடம் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை 8,900 பவுண்டுக்கு வாங்கினார். வாங்குமுன் கேரவனின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “இதை இழுக்குமா?” என்று கேட்டிருக்கிறார். “தாராளமாக” என்ற விற்பனையாளர், கூடுதலாக 540 பவுண்ட் வாங்கிக்கொண்டு, கேரவனை மாட்டி இழுப்பதற்கான டோபாரும் பொருத்திக் கொடுத்துவிட்டார்.

குளிர்காலம் முழுக்கக் கேரவன் கொட்டகையில் கிடந்தது. ஏப்ரலில் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது படிவத்தில் ஒரு கேள்வி: இந்தக் காருக்கு அனுமதிக்கப்பட்ட இழுவை எடை எவ்வளவு? காரின் பதிவுப் புத்தகத்தில், பிரேக் உள்ள டிரெய்லருக்கான எடையைச் சொல்லும் ஓ.1 கட்டத்தைப் பார்த்தார். காலி. பிரேக் இல்லாததற்கான ஓ.2 கட்டமும் காலி. எதையும் இழுக்க அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதியே வாங்கவில்லை.

அவர் அந்தப் பதிவுப் புத்தகத்தை என் மேசையில் விரித்து வைத்து, “டோபார் இருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்டார். போதாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு காருக்கு இழுவை எடை தர வேண்டுமென்றால், அந்தச் சுமையோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். கிளட்ச், கியர், குளிரூட்டும் அமைப்பு என எல்லாமே அந்தச் சுமையைத் தாங்கியாக வேண்டும். சமதரையில் இழுத்துவிட்டது என்பதெல்லாம் இதற்குப் பதிலாகாது. காரில் தயாரிப்பாளர் பொருத்தும் எடைத் தகட்டிலும் இதே கதைதான். வழக்கமாக முதல் வரியில் காரின் மொத்த எடையும் இரண்டாவதில் காரும் டிரெய்லரும் சேர்ந்த எடையும் இருக்கும். இந்தக் காரின் தகட்டில் இரண்டாவது எண்ணே இல்லை.

வாங்கி முப்பது நாளுக்குள் கண்டுபிடித்திருந்தால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாம். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அங்கேயே கைவிட்டுவிடுவதில்லை. வாங்குபவர் தன் நோக்கத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால், பொருள் அந்த நோக்கத்துக்கு உதவ வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. குறையைச் சரிசெய்யவோ மாற்றுப் பொருள் தரவோ இயலாவிட்டால், அதன் பிறகும் திருப்பிக் கொடுக்கலாம். தயாரிப்பாளரே வாங்காத அனுமதியை எந்தப் பணிமனை வாங்கித் தரும்? சரிசெய்ய வழியே இல்லாத குறை இது.

தொகை பத்தாயிரம் பவுண்டுக்குள் இருந்ததால் வழக்கு நீதிமன்றத்தில் சிறு உரிமைக் கோரிக்கைகளின் வரிசையில் வந்தது. வென்றாலும் வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் இலவச மையங்களைத் தேடி வருகிறார்கள்.

எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைத்தது. பழைய கேரவன்தானே, லேசானது என்பது ஒன்று. இதற்கு வாயால் பதில் சொன்னால் போதாதென்று, கேரவனை நண்பரின் வண்டியில் மாட்டிப் பொது எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அரை நூற்றாண்டு பழைய கேரவனுக்கு அன்றைய விளம்பரத் தாள் சொன்ன எடை இன்று இருக்காது. பின்னாளில் சேர்த்த பேட்டரி, புதிதாகப் பொருத்திய பலகை, காஸ் சிலிண்டர், கூடாரத் துணி, ஈரம் குடித்த பிளைவுட் எல்லாம் சேர்ந்துவிடும். பயணத்துக்கு நிரப்பிய நிலையில் 870 கிலோ என்றது சீட்டு. அனுமதியே இல்லாத காருக்கு எண்பது கிலோவும் அதிகம்தான். ஆனாலும் அந்தச் சீட்டு கையில் வந்த பிறகு, லேசானது என்ற பேச்சு எழவில்லை.

இரண்டாவது வாதம்தான் எனக்குக் கவலை தந்தது. இத்தனை ஆண்டுகளாகக் கேரவன் இழுத்தவர், அனுபவசாலி. எங்கள் பேச்சை நம்பியா வாங்கினார் என்றார்கள். விற்பவரின் திறமையை நம்பாமல் வாங்கியவருக்கு 10ஆம் பிரிவு உதவாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அவர் அனுபவம் முழுக்கப் பழைய எஸ்டேட் கார்களோடு. ஹைபிரிட் அவருக்குப் புதிது. ஆனால் வழக்கைத் தூக்கி நிறுத்தியது விற்பனையாளரே எழுதிய ரசீது. டோபார் விலைக்கு எதிரே, “வாடிக்கையாளரின் கேரவனுக்காக, ஏழு முனை மின்சாக்கெட்டுடன்” என்று இருந்தது. இன்ன வேலைக்கு என்று தெரிந்தே காசு வாங்கிப் பொருத்தியவர், அந்த வேலைக்கு உகந்தது என்று நான் சொல்லவில்லை என்று எப்படிக் கைகழுவ முடியும்? நீதிபதி அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். பிறகு கேள்விகளெல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பின. “இழுவைக்குப் பொறுப்பில்லை” என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததும் செல்லவில்லை. 31ஆம் பிரிவு அப்படித் தட்டிக்கழிக்க விடுவதில்லை.

கார் திரும்பிப் போனது. டோபார் பணம் முழுதாக வந்தது. கார் விலையில் மட்டும், ஓட்டிய மைலுக்கு ஏற்ப ஒரு தொகையைக் கழித்தார்கள். மற்ற பொருட்களுக்கு முதல் ஆறு மாதத்தில் இப்படிக் கழிக்கக் கூடாது. மோட்டார் வாகனத்துக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கு நியாயமா என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. காரை அவர் ஓட்டினார், உண்மைதான். ஆனால் எதற்காக வாங்கினாரோ அதற்கு ஒரு நாள்கூட அது உதவவில்லையே.

அடுத்து அவர் வாங்கியது பழைய டீசல் எஸ்டேட். காலி எடை 1,480 கிலோ. கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று கேரவன் அமைப்புகள் சொல்வது அறிவுரைதான், சட்டமில்லை. இவருடையது அறுபதைக்கூடத் தொடவில்லை. கேரவனின் முன்கொக்கி காரை அழுத்தும் எடையையும் விடாமல் அளந்தார். குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் மேல் கொக்கியை இறக்கிப் பார்த்தார். கேரவன் எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் வரவேண்டும். அதாவது 44 முதல் 60 கிலோ. தராசு முப்பதுக்குச் சற்று மேலே நின்றது. அழுத்தம் குறைந்தால் வேகத்தில் கேரவன் வாலாட்டும் என்பதால், பின்கட்டிலுக்குக் கீழிருந்த கருவிப் பெட்டியையும் கூடாரத் துணியையும் அச்சுக்கு மேலே நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி அளந்தார்.